தங்கம் யாருடையது? மண்வெட்டி யார் கையில்?

புதையல் தேடும் கதை என்றால் கொட்டகை நிரம்பிவிடும். குதிரை பாயும், துப்பாக்கி முழங்கும், ஒருவனை ஒருவன் ஏய்ப்பான், ஏய்த்தவனை இன்னொருவன் ஏய்ப்பான். இறுதியில் பெட்டி திறக்கும், பொன் மின்னும், பார்த்தவர் கைதட்டி வீடு திரும்புவர். பொழுதுபோக்குக்கு இது போதும் என்பார் உண்டு. போதாது என்கிறோம் நாம். ஏன் போதாது என்பதை விளக்க, இவ்வகைப் படங்களில் தலையாயது எனப் போற்றப்படும் ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

1966ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இயக்குநர் செர்ஜியோ லியோனி, ‘நல்லவன், கெட்டவன், அழகற்றவன்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு படம் அளித்தார். கதை நடப்பது அமெரிக்காவில். படம் பிடித்ததோ ஸ்பெயினில். இத்தாலியர் எடுத்த இத்தகைய படங்களை, அவர்தம் உணவின் பெயரால் ‘ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்’ என்று எள்ளினர். எள்ளல் அடங்கிற்று, படம் நிலைத்தது.

கதை எளிது. 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர். களவாடப்பட்ட 2 இலட்சம் டாலர் பொன் ஓர் இடுகாட்டில் புதைந்து கிடக்கிறது. இடுகாட்டின் பெயர் ஒருவனுக்குத் தெரியும். எந்தக் கல்லறை என்பது மற்றவனுக்குத் தெரியும். மூன்றாமவனுக்கோ இருவரையும் பிழியத் தெரியும். கிளின்ட் ஈஸ்ட்வுட், ஈலை வாலக், லீ வான் கிளீஃப் ஆகிய மூவரும் இம்மூவராக நடித்தனர்.

வெறும் பேராசைக் கதை என்று இதனைத் தள்ள முடியவில்லை. பொன்னைத் தேடிப் போகும் வழியெங்கும் போர் கிடக்கிறது, பிணம் கிடக்கிறது. சிறைமுகாமில் ஒருவனை வதைக்கிறார்கள். அவன் அலறல் வெளியே கேளாதிருக்க, கைதிகளையே இசை முழக்கச் சொல்கிறார்கள். வாசிப்பவன் கண்ணீர் வடிக்கிறான். வாசிப்பதை நிறுத்த முடியவில்லை. இன்னோரிடத்தில் ஒரு பாலம். அதற்காக நாள்தோறும் இருபுறத்துப் படைவீரரும் மடிகின்றனர். அது வீண் சாவு என்பது படைத்தலைவனுக்கே தெரியும், ஆணையை மீறத் துணிவில்லை, குடிக்கிறான். அறிவாளர் செய்யாததைக் கொள்ளையர் இருவர், தம் வழி திறக்கவேண்டித் தன்னலத்தால் செய்கின்றனர். பாலம் தகர்கிறது, மறுநாள் அங்கே படையுமில்லை, போருமில்லை! போரின் பெருமை பேசுவோருக்கு இதைவிடச் சூடான பதில் உண்டோ?

கொள்ளையன் டூக்கோ, பாதிரியாரான தன் அண்ணனைக் காணும் காட்சி மற்றொன்று. அறம் உரைக்கிறார் அண்ணன். தம்பி திருப்பிக் கேட்கிறான்: நாம் பிறந்த ஊரில் வறுமையால் சாகாமலிருக்க வழி இரண்டுதானே இருந்தன? ஒன்று மதகுருவாவது; மற்றொன்று கொள்ளையனாவது. நீர் எளிய வழியைத் தேர்ந்தீர். நான் கடினமானதைத் தேர்ந்தேன்! அங்கியின் தூய்மைக்கும் துப்பாக்கியின் அழுக்குக்கும் ஒரே வறுமைதான் தாய் என்பதை, விரிவுரை ஏதுமின்றி விளக்கிவிடுகிறது அக்காட்சி.

இறுதியில், துப்பாக்கி வைத்திருப்பவன் நிற்கிறான், இல்லாதவன் தோண்டுகிறான். உலகில் ஆள் இரண்டு வகை என்கிறது படம். உண்மை! ஆனால் அந்த உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி குதிரையேறிப் போய்விடுகிறது. பெண்டிர்க்கு அங்கே இடமில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் இடமில்லை. பாதி வழி வந்தது படம். மீதி வழி நடக்கவில்லை. பாராட்டும் கை, இந்தக் குறையையும் சுட்டத்தான் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ தெலுங்கில் வெளிவந்து, தமிழிலும் ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று பேசிற்று. அதிலும் புதையல் வேட்டை. அதிலும் தொப்பி, குதிரை, துப்பாக்கி. தமிழில் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநராகி, மக்கள் கலைஞர் ஜெய்சங்கரைக் குதிரையேற்றினார்: 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’; 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’. கர்ணனின் ஒளிப்பதிவுத் துணிவை மறுப்பாரில்லை. சிறு முதலீட்டில் பெருவெளியைக் காட்டிய திறனையும் மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: லியோனியின் தொப்பி வந்ததே, அவர் காட்டிய போர் வந்ததா? துப்பாக்கி வந்ததே, அண்ணனும் தம்பியும் பேசிய வறுமை வந்ததா? புதையல் என்றாலே ‘பாட்டன் சொத்து’ என்பதுதானா நம் எண்ணம்? பாட்டனுக்கு அதைத் தோண்டித் தந்தவன் யார்?

2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என்று இதையெல்லாம் நகையாடினார். ஊருக்கு ஜெய்சங்கரபுரம் என்று பெயர். வில்லனுக்கு ஈஸ்ட்வுட்டை அப்படியே தமிழாக்கிக் ‘கிழக்குக்கட்டை’ என்று பெயர்! நகைச்சுவை நன்று. கேள்வி மட்டும் காத்திருந்தது.

2024இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அந்தக் கேள்வியைத் தொட்டது. வெள்ளையனுக்குப் பொன் தேடிப் போகும் வட ஆர்க்காட்டு ஒடுக்கப்பட்ட மக்களே அதன் நாயகர்கள். மாயத்தோற்றங்கள் அதில் மிகுதி, பகுத்தறிவாளர் முகம் சுளிப்பர், நாமும் சுளித்தோம். எனினும் மண்வெட்டி பிடித்தவன் முகத்தைத் திரை நிறையக் காட்டிற்று. கோலார் வரலாறு அறிந்தவர்க்கு அது கற்பனையன்று. 1880 முதல் ஆங்கிலேய நிறுவனம் அங்கே சுரங்கம் நடத்திற்று. தமிழ்த் தொழிலாளர் பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் எங்கோ போயிற்று. நுரையீரலில் படிந்த தூசு மட்டும் தோண்டியவரோடு தங்கிற்று.

சேத்தியாத்தோப்பிலிருந்து எழுதும் நமக்கு இது தொலைவான கதையன்று. நம் பக்கத்து மண்ணுக்கடியிலும் புதையல் உண்டு. அதன் நிறம் பழுப்பு. 1956இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியது, நிலக்கரி மின்சாரமாயிற்று, ஊர்கள் ஒளி பெற்றன. அந்த ஒளியை நாம் பழிக்கவில்லை; அதில்தான் நம் மாணவர் படிக்கின்றனர். ஆனால் 2023 சூலையில், அருகிலுள்ள வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தையொட்டிய கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியதை நாடே கண்டது. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். விளையும் பயிரை அறுக்கும்வரை பொறுத்தாலாகாதா என்றனர் உழவர். இரண்டையும் கேட்டுச் சொல்ல ஒரு கதை வேண்டாமா?

இளைஞர்களே! அடுத்த புதையல் படத்துக்குச் செல்லுங்கள், சிரியுங்கள், கைதட்டுங்கள். வெளியே வரும்போது மூன்று கேள்விகளை உடன் கொண்டு வாருங்கள்: பொன் யாருடைய மண்ணில் கிடந்தது? தோண்டியவன் யார்? கொண்டுபோனவன் யார்? இம்மூன்றுக்கும் விடை தராத படம் எவ்வளவு வேகமாகக் குதிரை ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. விடை தரும் படத்தை எழுதக்கூடியவர் உங்களுள் இருக்கிறார். அவர் குதிரைக்காகப் பாலைவனம் தேட வேண்டாம். நம் ஊர் வரப்பின் மேல் நடந்தால் போதும்.