கரைப்பறவைப் படங்களை ரசிப்பது எப்படி?

கடலோரச் சேற்றில் மேயும் சிறு பறவை ஒன்றின் புகைப்படம், இறகின் வரிகள் யாவும் எண்ணத்தக்க தெளிவோடு நம் முன் வைக்கப்படும்போது, ‘எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருந்தாரோ!’ என்று வியப்பதே சாமானியமாக நம்மவர் வழக்கம். அந்த வியப்பு லென்ஸ் செய்த கம்பெனிக்குச் சேர வேண்டியது. அவ்வளவு நெருக்கத்திலும் பறவை தன் சுபாவம் மாறாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பதையே ரசிகர் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், கிட்டப் போவது மனிதப் பிரயாசையால் ஆகக்கூடியது, போன பின்பும் பறவை கலையாதிருப்பதோ பறவையின் சம்மதத்தால் மட்டுமே ஆகக்கூடியது.

இதைப் பயில்வதற்கு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையும் அதையடுத்த வேதாரண்யம் சதுப்பும் மிக உகந்தவை. 1930-ஆம் ஆண்டில் ராஜாஜியின் உப்பு சத்தியாக்கிரகத்தால் தேசப் பிரசித்தி பெற்ற அந்தப் பிரதேசத்தில், 1967-இல் சரணாலயம் ஏற்பட்டது. 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் அது இடம்பெற்றது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தூந்திர நிலங்களில் குஞ்சு பொரித்து, மழைக்காலத்துக்கு முன்பே இங்கு வந்திறங்கும் கொசு உள்ளான், ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள ஜீவன். அத்தனை நெடிய யாத்திரையை அத்தனை சிறிய தேகம் முடித்திருக்கிறது என்ற நினைவோடு பார்த்தால், படத்தில் அது சேற்றைக் கொத்துகிற சாதாரணக் காட்சிக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது.

ஆகாரம் தேடும் விதத்தில்தான் இப்பறவைகளின் ஸ்வாரஸ்யம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உப்புக்கொத்தி பெரிய கண்ணை நம்பிப் பிழைப்பது. சில அடிகள் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். ஆகையால் அதன் படம் ஓட்டத்துக்கும் கொத்தலுக்கும் நடுவே உள்ள அந்த நிற்றலைப் பிடித்திருந்தால் விசேஷம். உள்ளான்களோ அலகின் நுனியிலுள்ள ஸ்பரிச உணர்வால், கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சேற்றுக்குள்ளேயே கண்டுகொள்பவை. அவற்றின் அலகில் ஒட்டிய ஈரமண்ணைத் துடைத்தெடுத்தாற்போலச் சுத்தமான படத்தைக் காட்டிலும், மூக்கு வரை சேறு பூசிய படமே உண்மையானது. கல்திருப்பி உள்ளான் சிப்பியைப் புரட்டும் கணம், கரைப்பறவையான கோட்டான் தன் நீண்டு வளைந்த அலகை அடிவரை இறக்கும் கணம் ஆகியவற்றுக்குக் காத்திருந்தவர், இனத்தை அறிந்து காத்திருந்தவர்.

பறவை அஞ்சியிருக்கிறதா என்பதைப் படமே சொல்லிவிடும். கழுத்து நீண்டு, இறகுகள் உடலோடு படிந்து, மேய்ச்சலை நிறுத்தி விறைத்து நிற்கும் உள்ளான், எவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருந்தாலும், அடுத்த நொடியில் பறந்துவிட்ட உள்ளான் என்றே கொள்ளலாம். இறகை உப்பி ஒற்றைக் காலில் நிற்பதும், அலகை முதுகில் செருகிக் கண்ணயர்வதும், சிறகைக் கோதுவதும் நிம்மதியின் லட்சணங்கள்.

அடுத்தது காமிராவின் உயரம். நின்றபடி எடுத்த படத்தில் பறவையின் முதுகும் சேறுமே தெரியும். சேற்றில் குப்புறப் படுத்து, மணலோ பயறோ நிரப்பிய சிறு பையின்மேல் லென்ஸைச் சாய்த்து, பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான், பின்னணி தூரத்துக்கு விலகி, கைக்குள் அடங்கும் அந்தப் பிராணி தன் உலகத்தில் எவ்வளவு பெரியது என்பது பிரத்தியட்சமாகும். நேரே அதை நோக்கி ஊர்ந்து போவதைவிட, நீர் ஏறும் வேளையில் விளிம்போடு மேய்ந்து வருபவற்றுக்கு முன்னதாகவே ஓரிடத்தில் படுத்துக்கொண்டு, அவை தாமாகவே நெருங்கி வர விடுவது உத்தமம். முழங்கையில் சிப்பி குத்தும், உப்பு நீர் சட்டைக்குள் புகும், பாதகமில்லை.

ஆனால் பின்னணியை முழுக்கவும் கரைத்துவிடும் இக்காலத்து மோகத்தில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில், மிருகம் தன் காட்டோடு சேர்ந்தே நிற்கும். அதைப் போலவே, உப்பளத்து வரப்போ உடைந்த சங்கோ சிறிதேனும் தெரிந்தால்தான் உள்ளானுக்கு ஊர் இருக்கிறது.

கைதட்டிக் கிளப்பிய கூட்டத்தின் படத்தை, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், நான் புகழ மாட்டேன். வடக்கே திரும்புமுன் உடல் எடை ஏறக்குறைய இரட்டிக்கும் அளவுக்குக் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய இனங்கள் இப்பறவைகளில் உண்டு. வீணாகப் பறந்த ஒவ்வொரு வட்டமும் அந்தச் சேமிப்பில் கழியும். இங்கேயே வெட்டவெளியில் முட்டையிடும் ஆள்காட்டியையும் உப்புக்கொத்தியையும் கூட்டருகே படமெடுப்பது இன்னும் கொடியது. தாய் விலகி நின்றால் வெயில் முட்டையை வேகவைத்துவிடும்.

டிசம்பரில் மட்டும் போய் வருபவர் சாம்பல் நிறத்தையே காண்பார். வளைமூக்கு உள்ளான் செங்கல் வர்ணத்துக்கு மாறுவது, திரும்பிப் போகும் நாள் நெருங்கும் மார்ச், ஏப்ரலில். பாதி சாம்பலும் பாதி சிவப்புமாக நிற்கும் ஒன்றின் படத்தைக் கண்டால், மாதத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. அந்த நாட்களில் வெயில் ஏறியவுடன் சேற்றின்மேல் கானல் எழுந்து எத்தகைய லென்ஸையும் மங்கச் செய்துவிடுமாதலால், வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு, பொழுது புலருமுன்பே இடம்பிடித்துப் படுத்துவிட வேண்டும்.