கடலும் ஒரு வீதியே

தீவு என்றதும் அலையையும் நிலவையும் நினைப்பது நமது எழுத்தாளர் பலருக்குப் பழகிப்போன வழக்கம். தீவில் வாழ்வோரோ கடலைப் பார்க்கையில், படகு எத்தனை மணிக்கு, கூலி எவ்வளவு என்றே முதலில் எண்ணுகின்றனர். கரையில் நிற்போருக்குக் காட்சியாக இருப்பது, கடந்தாக வேண்டியவர்களுக்குச் செலவாக இருக்கின்றது. அச் செலவை அவர்கள் மட்டுமே தாங்குவது நியாயமா என்பதே இங்கு நாம் எழுப்பும் கேள்வி.

ஒரு நாட்டின் சாதாரண வீதிகள் பொதுப்பணத்திற் போடப்படுகின்றன. அவற்றில் நடப்போரிடம் எவரும் கூலி கேட்பதில்லை. ஆனால் வீதி கடற்கரையில் முடியும்போது பொதுப்பொறுப்பும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றது. அப்பாலுள்ள நீர்ப்பரப்பு, விலைகொடுத்து வாங்கவேண்டிய சரக்காகின்றது. அவ்விலை பயணச்சீட்டோடு நிற்பதுமன்று. அரிசி மூடை, சீமெந்துப் பை, மருந்துப் பெட்டி யாவற்றின்மீதும் அது ஏறுகின்றது. தீவில் விளைந்ததும் பிடித்ததும் சந்தைக்குப் போகையில் அதே கூலி வருவாயிலிருந்து கழிகின்றது. வாங்கும்போதும் விற்கும்போதும் இழப்பவர்கள் தீவு மக்களே.

இப் பிரச்சினைக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் ஸ்கொத்லாந்தின் அனுபவம் ஆராயத்தக்கது. அதன் மேற்குத் தீவுகளுக்கான கப்பற் சேவையை நீண்டகாலம் நடத்திவந்தது மக்பிரெயின் கம்பனி. அதன் ஏகபோகத்தை எள்ளும் பாட்டொன்று, தேவதோத்திரத்தின் சாயலில், அங்கு மக்களிடையே வழங்குகின்றது. பின்னர் சேவை அரசுடைமையாயிற்று. ஆயினும் கூலிச்சுமை நீங்கவில்லை. 1974 இல் அந்நாட்டின் மலைநாடு, தீவுகள் அபிவிருத்திச் சபை ஒரு கொள்கையை முன்வைத்தது. ஒரு தூரத்தைத் தரையிற் கடக்க என்ன செலவாகுமோ, கடலிலும் அதற்கு ஒப்பான கட்டணமே அறவிடப்படல் வேண்டும் என்பது அது. ஆனால் அக் கொள்கை பரீட்சார்த்தமாகவேனும் நடைமுறைக்கு வருவதற்கு 2008 ஒக்டோபர் வரை, 34 ஆண்டுகள் சென்றன. மேற்குத் தீவுகள் அனைத்துக்கும் விரிவடைய 2015 ஆயிற்று.

இடையில், 1995 இல், ஸ்கை தீவுக்குத் தனியார் முதலீட்டிற் பாலம் அமைந்தது. பாலம் திறந்ததும் அவ்விடத்துப் படகுச்சேவை நிறுத்தப்பட்டது. பாலத்தைக் கடக்கச் சுங்கம் விதிக்கப்பட்டது. மக்கள் செலுத்த மறுத்தனர், நீதிமன்றம் ஏறினர், பலர் தண்டனையும் பெற்றனர். 2004 டிசம்பரில் அரசு பாலத்தை வாங்கிச் சுங்கத்தை ஒழித்தது. கொள்கை ஏட்டில் உறங்கிய காலத்தில் போராட்டமே பயன் தந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வீதிக்கு ஒப்பான கட்டணம் என்ற முறையை நாம் வரவேற்கின்றோம். எனினும் அதன் குறைகளை மறைப்பது விமர்சனமாகாது. மைலுக்கு இவ்வளவு என்பதோடு, எத்தனை குறுகிய பயணத்துக்கும் நிலையான ஒரு தொகை சேர்க்கப்படுகின்றது. எந்தச் சாதாரண வீதியின் தொடக்கத்தில் இத்தகைய வாசற்கூலி உண்டு? அடுத்து, தீவு மக்களுக்கும் உல்லாசப் பிரயாணிகளுக்கும் கட்டணம் ஒன்றே. எனவே கோடையில் வெளியாரின் மோட்டார் வண்டிகள் கப்பல்களை நிறைத்தன. அவசரத்துக்குக் கரைசேர வேண்டிய உள்ளூரார் இடமின்றித் தவித்தனர். பெரிய சரக்கு லொறிகளுக்கான சலுகையோ 2012 இல் நீக்கப்பட்டது. உல்லாச வண்டி மலிவாகக் கடக்க, உணவுப்பொருள் கூடிய விலைக்குக் கடந்தது! சமமற்றோரைச் சமமாக நடத்துவது சமத்துவமன்று.

மேலும், வீதி இரவும் பகலும் திறந்திருக்கும். கப்பல் குறித்த வேளையில் மட்டுமே வரும், புயலில் வராது. வைத்தியரைக் காணச் சென்றவர் அக்கரையில் இராத்தங்கும் செலவை எந்தக் கட்டண அட்டவணையும் காட்டுவதில்லை. 2015 இல் 97 மில்லியன் பவுணுக்கு ஒப்பந்தமான இரு கப்பல்களுள் முதலாவது, 2025 ஜனவரியிலேயே சேவைக்கு வந்தது. வராத கப்பலின் கட்டணம் மலிவாயிருந்து பயனென்ன?

இவ்வனுபவம் நமக்கும் உரியது. நெடுந்தீவு மக்கள் குறிகட்டுவானுக்குக் கடக்கும் கடல், அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதியின் தொடர்ச்சியே. 2021 டிசம்பரில் லீற்றருக்கு 121 ரூபாவாயிருந்த டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. பஸ் கட்டணம் ஏறினால் தரையில் வாழ்வோர் சைக்கிள் மிதிக்கலாம், நடக்கலாம். தீவகத்தார் கடல்மேல் நடக்க முடியாது. எனவே படகுச்சேவை, இலாபநட்டக் கணக்கில் வைத்துப் பார்க்கும் வியாபாரமுமன்று. இரங்கி வழங்கும் தருமமுமன்று. அஃது உரிமை. அங்கு வாழ்வோருக்கு முதலிடம், உணவுக்கும் மருந்துக்கும் குறைந்த கூலி, தவறாத படகு என்பவை அவ்வுரிமையின் கூறுகள்.

தீவகப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நண்பர்கள், ஒரு மூடை அரிசி கரைவிட்டுக் கரை சேரும்போது ஏறும் விலையைத் தம் மாணவரைக் கொண்டு கணக்கெடுக்கட்டும். நிலவைப் பாடிய நூறு கவிதைகளிற் காணாத தீவு, அந்த ஒரு கணக்கிலே தென்படும்.