கச்சையும் புதைகுழியும்: கெல்ற்றிய ‘வீர’ அடக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

பண்டைய கெல்ற்றியரின் புதைகுழிகளைப் பற்றி எழுதுவோர் பலர் ‘வீரன்’ என்னும் சொல்லை மிக எளிதாகக் கையாளுகின்றனர். வெண்கலக் கச்சையணியொன்று கிடைத்தவுடன் வீரயுகம் பற்றிய வருணனை தொடங்கிவிடுகின்றது. அவ்வணியை ஆக்கிய உழைப்பும் அதனை உடைமையாக்கிய அதிகாரமும் அவ்வருணனையில் மறைந்துவிடுகின்றன.

முதலாவதாக, கச்சை போர்வீரனுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த வெண்கலக் கச்சைத் தகடுகள் தென்மேற்கு ஜேர்மனியிற் பெரும்பாலும் பெண்களின் புதைகுழிகளிலேயே கிடைத்துள்ளன. பின்வந்த லா தேன் காலத்தில், வாளைத் தாங்கிய இரும்புச் சங்கிலி ஆண்களின் குழிகளிலும் வெண்கல இடைச்சங்கிலி பெண்களின் குழிகளிலும் காணப்படுகின்றன.

இரண்டாவதாக, ஸ்ருட்கார்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஹோஹ்டோர்ப் ஈமமேடு நோக்கத்தக்கது. 1978–79இல் யோர்க் பீல் அகழ்ந்த இவ்வடக்கம் ஏறத்தாழக் கி.மு. 530க்குரியது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வெண்கல மஞ்சத்திற் கிடத்தப்பட்டிருந்தான். அவனுடைய கச்சை, குத்துவாள், பாதணிகள் ஆகியன பொற்றகட்டால் அணிசெய்யப்பட்டிருந்தன. அப்பொன்வேலை ஈமச்சடங்குக்கெனவே நிகழ்ந்ததென்பதை மேட்டினுட் கிடைத்த பட்டறைக் கழிவுகள் உணர்த்துகின்றன. நெடுவாள் அங்கில்லை, ஏறத்தாழ 500 லீற்றர் கொள்ளும் கொப்பரையும் ஒன்பது குடிகொம்புகளும் உள்ளன. உபரியைத் திரட்டி விருந்தாகப் பங்கிடும் உரிமையே இங்கு தலைமையின் அடையாளம். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, இவன் அண்மையிலுள்ள கிறாபன்பூல் மேட்டில் அடக்கப்பட்ட தலைவனுக்குப் பெரும்பாலும் தாய்மாமனாதல் வேண்டும் எனக் காட்டியது. அவ்வாறாயின் தலைமை தனிவீரத்தாலன்றிக் குடிப்பிறப்பாற் கைமாறியது எனலாம்.

எனினும், இயந்திரரீதியான வர்க்க விளக்கமும் இங்கு போதாது. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்ரற்றில் 1846 முதல் 1863 வரை றம்சௌவர் ஏறத்தாழ 980 புதைகுழிகளை அகழ்ந்தார். உப்புச் சுரங்கத்தையடுத்த அவ்விடுகாட்டின் எலும்புகளிற் கடும் உழைப்பின் சுவடுகள் உள்ளன. அங்கேயே செல்வமிக்க அணிகளும் உள்ளன. சுரங்கத்தில் உழைத்த சமூகம் தன் ஆக்கத்தில் ஒரு பங்கினைப் பெற்றிருந்தது. ஹோஹ்டோர்ப்பிலோ செல்வம் ஒருவன்பாற் குவிந்தது. இவ்வேறுபாட்டை விளக்குவதே ஆய்வாளன் கடன்.

அயர்லாந்து வீரகதைகளைக் கொண்டு இக்குழிகளை விளக்குவதும் பொருந்தாது. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் பின்னர், கிறித்தவ மடாலயங்களில் எழுத்துருப் பெற்றவை. வீரயுகக் கோட்பாட்டை நன்கறிந்த தமிழ் ஆய்வுலகு இவ்வெச்சரிக்கையை மனங்கொள்ள வேண்டும். ஈமச்சடங்கு, ஆதிக்கம் பெற்றோர் தம்மைப் பற்றி நிலைநிறுத்த விழைந்த கூற்று. அக்கூற்றைத் திருப்பிச் சொல்வது வரலாறாகாது.