வேலைக்குச் சேர்ந்தபின் நூலகர் எங்கே படிப்பார்?

விருத்தாசலத்துக்காரர் ஒருவர் நூலகராக வேண்டுமென்று நினைத்தால் படிக்க வழி இருக்கிறது. பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்குத் தனித் துறையே உண்டு. நேரில் போக முடியாதவர்களுக்குத் தொலைதூரக் கல்வி இருக்கிறது. வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நடுவே படித்து ஒரு பெண் நூலகவியல் பட்டம் வாங்க முடிகிறது என்றால் அது சிறிய காரியமில்லை. ஆனால் வேலை கிடைத்த நாளோடு படிப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் பணிப் பயிற்சி நடக்கும் விதத்தை எடைபோடும்போது முதலில் கண்ணில் படுவது இந்த முறிவுதான்.

இப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் அது. வீட்டுவரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அதன் பயன்தான். பல மாநிலங்கள் நூலகத்துக்கு அரசின் தயவை எதிர்பார்த்து நின்றபோது நமக்குச் சட்டப்படியான வருமானம் இருந்தது. அந்த வரியில் புத்தகம் வாங்கினோம், கட்டடம் கட்டினோம், சம்பளம் கொடுத்தோம். நூலகர் தொடர்ந்து படிப்பதற்கென்று அதில் ஒரு பங்கை உறுதியாக ஒதுக்கும் பழக்கம் மட்டும் வேரூன்றவில்லை.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்ற எஸ்.ஆர். அரங்கநாதனின் கதையை நூலகர் தினமான ஆகஸ்ட் 12 தோறும் சொல்கிறோம். அதில் ஒரு பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். சீர்காழியில் பிறந்த அவர் கணக்கு ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபோது நூலகத் தொழில் அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே யுனிவர்சிட்டி காலேஜில் பாடம் கேட்டார். குராய்டன் ஊர்ப் பொது நூலகத்தில் கூடவே நின்று வேலை பழகினார். நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தார். ஊர் திரும்பி, 1929-ல் சென்னையில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வேலை, பிறகு படிப்பு, படிப்போடு வேறொரு நூலகத்தில் கைப்பழக்கம். நம்முடைய இன்றைய முறையில் படிப்பு முதலில் வருகிறது, வேலை பிறகு வருகிறது, மூன்றாவது வருவதே இல்லை.

பயிற்சியே கிடையாது என்று சொன்னால் அது அநியாயம். பொது நூலக இயக்ககம் முகாம்கள் நடத்துகிறது. கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை தேசிய நூலக இயக்கத்தின் வழியாகப் பொது நூலகர்களுக்குப் பயிற்சி தருகிறது. கோஹா, இ-கிரந்தாலயா போன்ற நூலக மென்பொருள்கள் நூலகர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பேரேட்டில் எழுதியே பழகிய கை, ஐம்பது வயதில் கணினியில் நூல் விவரம் ஏற்றக் கற்றிருக்கிறது. இந்த முகாம்களின் இன்னொரு நன்மையை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. ஆண்டு முழுக்கத் தனியாக உட்கார்ந்து நூலகம் நடத்துகிறவருக்கு, அதே வேலை பார்க்கும் இன்னொருவரைச் சந்திக்கும் வாய்ப்பு அங்கேதான். கிழிந்த புத்தகத்தை எப்படிக் கட்டுவது, போட்டித் தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு இடம் எப்படி ஒதுக்குவது என்பதெல்லாம் அங்கே கைமாறும்.

குறை எங்கே என்றால், இந்தப் பயிற்சி எதனோடும் கட்டப்படவில்லை. அரசுக் கல்லூரி நூலகர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி அவர் அடுத்த படிநிலைக்குப் போக 21 நாள் அறிமுகப் பயிற்சி ஒன்றும், கணினிமயமாக்கல் தொடர்பாகக் குறைந்தது ஐந்து நாள் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். படித்தால் உயர்வு, உயர வேண்டுமானால் படிப்பு. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசுக் கல்லூரியில் ஒருவரும் அதே ஊரின் கிளை நூலகத்தில் இன்னொருவரும் ஒரே பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்தால், முன்னவருக்கு இருக்கும் இந்த ஏணி பின்னவருக்கு இல்லை. பொது நூலகர் முகாமுக்குப் போய்வந்தால் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும். போகாதவருக்கும் அவருக்கும் பதவியிலோ சம்பளத்திலோ வித்தியாசமில்லை.

ஊர்ப்புற நூலகர்கள் நிலை இன்னும் மோசம். பலர் முதுகலைப் பட்டம் வைத்துக்கொண்டு, வழக்கமான காலமுறை ஊதியத்தைவிடக் குறைந்த சிறப்புக் காலமுறை ஊதியத்தில் ஆண்டுக்கணக்காக இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நிலை நூலகராக்குங்கள் என்ற அவர்களுடைய கோரிக்கை பழையது. இன்னும் படி என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

பயிற்சிக்குப் போகலாம் என்று நினைத்தாலும் போவது எப்படி? சிறிய நூலகங்களில் நூலகர் ஒருவரே எல்லாம். கதவைத் திறப்பது, செய்தித்தாள் பிரித்துப் போடுவது, புத்தகம் கொடுத்து வாங்குவது, உறுப்பினர், புரவலர் சேர்ப்பது, மாதக் கணக்கு அனுப்புவது எல்லாம் அவர் தலையில். கடலூரில் ஒருநாள் பயிற்சி என்றால் விருத்தாசலத்திலிருந்து போக வர நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர். அன்று நூலகம் பூட்டு. குரூப் 4-க்குப் படிக்கும் பையன் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புவான். வாசகரை ஏமாற்றிவிட்டுத்தான் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற நிலையை நூலகர் உண்டாக்கவில்லை. மாற்று ஆள் தராத நிர்வாகம் உண்டாக்கியது.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது. பெரும்பாலும் மென்பொருள். மென்பொருள் வேண்டியதுதான். ஆனால் அது நூலகத்தின் உட்புறக் கணக்கு. வாசகர் வந்து நிற்கும் மேசைக்கு இந்தப்புறம் என்ன நடக்கிறது என்பதை அது தொடுவதில்லை.

விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இது பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்க வட்டாரத்துக் களிமண்ணை நம்பி இங்கே தொழில் வளர்ந்தது. தொழிற்பேட்டையில் பொம்மையும் அகலும் கப்பும் செய்கிறார்கள். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பியூஸ் கேரியர் செய்கிறார்கள். இத்தொழிலுக்கென்றே அரசு செராமிக் பயிலகம் இதே ஊரில் இருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கிளை நூலகத்துக்கு வந்து, “சூளையிலேர்ந்து எடுத்த சாமான்ல பளபளப்புப் பூச்சு மயிரிழை மயிரிழையா வெடிக்குது, இதைப் பத்தி எதுனா புஸ்தகம் இருக்கா?” என்று கேட்டால் நூலகர் என்ன செய்வார்? ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்குவதால் வரும் கோளாறு அது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பயிலகத்தில் யாரைக் கேட்கலாம். கொல்கத்தாவில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதற்கு எப்படி எழுதுவது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர ஆவணங்களை இணையத்தில் எப்படி எடுப்பது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தொழில்நூல் ஏதாவது கிடக்கிறதா. இந்த நான்கையும் பத்து நிமிடத்தில் தேடித் தருகிற நூலகரை அந்தப் பட்டறைக்காரர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். இந்தத் திறமைக்குத்தான் பயிற்சி வேண்டும். இதைச் சென்னையில் அச்சடித்த ஒரே பாடத்திட்டத்தால் தர முடியாது. சிவகாசிக்கு வேறு கேள்வி, திருப்பூருக்கு வேறு கேள்வி.

ஊரைத் தெரிந்துகொள்வதும் இதில் அடங்கும். 2020-க்கான சாகித்திய அகாதெமி விருது ‘செல்லாத பணம்’ நாவலுக்காக இமையத்துக்குக் கிடைத்தது. அவர் இந்த வட்டாரத்துக்காரர். இதே வட்டாரத்து மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இங்குள்ள பேச்சு வழக்குக்கு ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யே தொகுத்திருக்கிறார். இவர்கள் நூல்களையும், பீங்கான் தொழிலின் பழைய விலைப்பட்டியல், புகைப்படங்களையும், ஊரின் பழமலைநாதர் கோயில் பற்றி வந்தவற்றையும் ஓர் அலமாரியில் சேர்த்து வைக்கும் வேலைக்குப் பெரிய செலவில்லை. எப்படித் தொகுப்பது, யாரிடம் கேட்பது, நன்கொடையாக வந்ததை எப்படிப் பதிவது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

எந்தப் பயிற்சியையும் தோற்கடிக்கிற ஒன்று இருக்கிறது. அது பயம். புத்தகம் தொலைந்தால் நூலகர் பொறுப்பு. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பணம் கட்ட நேருமோ என்ற கவலை ஓய்வு பெறும்வரை கூடவே வரும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், வழங்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. இந்த நியாயமான மனம் நம் கிளை நூலகம்வரை இறங்கிவர வேண்டும். இல்லையென்றால் நூலகர் புத்தகத்தைக் காவல் காப்பார்; கொடுக்கத் தயங்குவார். புத்தகம் புழங்குவதற்கே என்பது அரங்கநாதனின் முதல் விதி. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர், அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டால்தான் தப்பிக்க முடியும் என்று நினைக்கும்படி வைத்திருக்கிறோம்.

பயிற்சி தேவைப்படும் இன்னொரு இடமும் உண்டு. பொது நூலகங்களின் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் தன்னார்வலரை வழிநடத்துவதும் ஒரு கலை. நூலகவியல் பட்டப்படிப்பு பெரும்பாலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

என் தீர்ப்பு இது: நம் நூலகப் பயிற்சி முறை நுழைவாயிலில் வலுவானது, உள்ளே போனபின் மெலிந்தது. அதைச் சரிசெய்யச் சென்னையிலிருந்து பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலூர் மாவட்ட நூலக ஆணைக்குழுவே தொடங்கலாம். மாதத்தில் ஒருநாள், முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, விருத்தாசலம் வட்டார நூலகர்கள் ஒரே இடத்தில் கூடட்டும். ஒருமுறை செராமிக் பயிலகத்தில், ஒருமுறை அரசுக் கல்லூரி நூலகத்தில், ஒருமுறை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். போக்குவரத்துச் செலவை நூலக வரியிலிருந்து கொடுங்கள். வந்த நாளைப் பணிப் பதிவேட்டில் ஏற்றி, பதவி உயர்வில் கணக்கில் எடுங்கள். நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காரர்களே, அன்று ஒருநாள் நூலகத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்ள நீங்கள் முன்வந்தால் அந்தப் பூட்டும் தேவைப்படாது.