புழல் முதல் பழவேற்காடு வரை

விடியற்காலையில் சைக்கிளை எடுக்கும் சென்னைக்காரர்களில் பெரும்பாலோர் தெற்கே திரும்புகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, முட்டுக்காடு, தெம்பிருந்தால் மாமல்லபுரம். ஒரு நாள் சவாரிக்கு அதைவிட அழகான வழி கிடையாது என்பது இங்கே முடிந்துபோன விஷயம் மாதிரி பேசப்படுகிறது. நான் அதை ஏற்கவில்லை. வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போகும் வழியே மேல் என்பது என் கட்சி. அந்த வழிக்கும் கடுமையான குறைகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு ஒருவரைப் புறப்படச் சொல்வது அவரை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதற்குச் சமம். ஆகவே இரண்டையும் எடைபோட்டே பேசுகிறேன்.

முதலில், எதைக்கொண்டு அளப்பது? போய்ச் சேரும் இடத்தை மட்டும் வைத்து அளந்தால் காரில் போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் வேறுபாடே இல்லை. சைக்கிள்காரர் வழியிலேயே மூன்று நான்கு மணி நேரம் இருக்கிறார். அந்த நேரத்தில் கண்ணுக்கும் மனசுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். உயிருக்கு உத்தரவாதம் வேண்டும். திரும்பி வரவும் காலில் வலு மிஞ்ச வேண்டும். இந்த மூன்றையும் பார்த்துத்தான் ஒரு வழியை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை இப்படி அளந்து பாருங்கள். தார் நன்றாக இருக்கிறது. டீக்கடைக்குக் குறைவில்லை. பஞ்சர் ஆனால் பின்னால் வரும் இன்னொரு சைக்கிள்காரர் நின்று பம்ப் கொடுப்பார். இதெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் கடற்கரைச் சாலை என்ற பெயருக்கு அங்கே கடல் எவ்வளவு தெரிகிறது? சுற்றுச்சுவர், ரிசார்ட் வாசல், மனைப்பிரிவுப் பலகை, மறுபடியும் சுற்றுச்சுவர். முட்டுக்காட்டுப் பாலத்தில் மட்டும் காயல் சட்டென்று இருபுறமும் விரிகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காக மீதி வழி முழுவதையும் பொறுத்துக்கொள்கிறோம். மேற்கே பூண்டிக்குப் போகலாம் என்பவர்கள் உண்டு. சத்தியமூர்த்தி மேயராக இருந்து முயன்றதால் உருவாகி 1944இல் கட்டி முடிந்த நீர்த்தேக்கம் அது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் பார்க்கத் தகுந்தது, கோடையில் ஏமாற்றும்.

இனி வடக்கு. சென்ட்ரலிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இரண்டு வழிகள் சொல்கிறார்கள். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் போவது ஒன்று. அதை நான் அடியோடு தள்ளுகிறேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கும் சாலையோர மணலுக்கும் நடுவே சைக்கிளுக்கு இடமே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் காற்றும் மூச்சு வாங்கிக்கொண்டு மிதிப்பவரின் நுரையீரலுக்கு ஆகாது. எண்ணூர் மக்கள் அந்தக் காற்றில்தான் நாள் முழுக்க வாழ்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. அது தனியே, இன்னும் கோபமாக எழுத வேண்டிய விஷயம்.

இன்னொன்று பழைய ஜி.என்.டி. சாலை, அதாவது கொல்கத்தா நெடுஞ்சாலை: மாதவரம், புழல், செங்குன்றம், காரனோடை, தச்சூர், அங்கே வலப்புறம் திரும்பிப் பொன்னேரி. இதுவும் முதல் பார்வைக்கு அழகில்லாத வழிதான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கென்று தனித் தடம் கிடையாது. செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கு வரும் லாரிகள் விடியும் முன்பே வரிசை கட்டும். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரத்துக்குப் போடப்படும் எல்லைச் சாலையின் வேலையால் தச்சூர்ப் பக்கம் டிப்பர்களும் சேர்ந்துகொண்டன. அணுகு சாலை இருக்கும் இடத்தில் அதை விட்டு விலகக் கூடாது. பின்விளக்கு எரியாத சைக்கிளை இந்தச் சாலையில் ஏற்றவே கூடாது. உயிர் உத்தரவாதம் என்ற கணக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலை இதைவிட நிச்சயம் மேல்.

ஆனாலும் இந்த வழியை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் தண்ணீர். சென்னை எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததோ அந்தக் கதை முழுவதும் இந்த 60 கிலோமீட்டரில் வரிசையாகக் கிடக்கிறது. முதலில், சாலைக்கு மேற்கே கரைக்கு அந்தப்புறம் புழல் ஏரி. 1872இல் நகரத்துக்கு முறையான குடிநீர் வழங்கல் தொடங்கியபோது கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் வழியாகப் புழலுக்குக் கொண்டுவந்தார்கள். 2019 கோடையில் இதே புழல் வறண்டு பாளமாக வெடித்துக் கிடந்தது. அடுத்தது சோழவரம். அதைத் தாண்டியதும் காரனோடைப் பாலம், கீழே கொசஸ்தலையாறு. வருடத்தில் பெரும்பகுதி மணலும் கோரையும்தான். மார்கழி, தை மாதங்களில் போனால் நீரோட்டம் பார்க்கலாம். பாலத்தில் இறங்கி நின்று பார்க்காமல் போகிறவர் இந்தச் சவாரியில் பாதியை இழக்கிறார்.

பாலத்துக்கு வடக்கே பஞ்செட்டி. இங்கும் மீஞ்சூரிலும் தாமரைப்பாக்கத்திலும் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகள் நகரத்துக்கு இறைத்தார்கள். நல்ல தண்ணீரை உறிஞ்சி எடுத்த இடத்தில் கடல் நுழைந்தது. மீஞ்சூர்ப் பக்கம் உப்புநீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. கிணறு உப்பான ஊர்களில் விவசாயம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த ஆலை கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்பத் தொடங்கியது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் உற்பத்தித் திறன். ஏரி, ஆறு, கிணறு, கடல் என்று ஒரு நகரத்தின் தாகம் எப்படி நகர்ந்து போயிருக்கிறது என்பதைக் காரில் போகிறவர் உணர மாட்டார். கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலை எண்ணி எண்ணிக் குடித்துக்கொண்டு போகிறவருக்கு அது உடம்பிலேயே உறைக்கும்.

பொன்னேரிக்குப் பிறகு சவாரியின் குணமே மாறுகிறது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாத சாலை, இருபுறமும் நெல். திருப்பாலைவனத்துச் சிவன் கோயில் அருகே நின்று வாழைப்பழம் தின்று காலை நீட்டிக்கொள்ளலாம். அதற்கப்பால் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நிறத்தை மாற்றுகிறது. வயல் குறைகிறது, பனை தனித்தனியாக நிற்கிறது, சவுக்குத் தோப்பு வருகிறது, பிறகு வேலிக்காத்தான் புதர். கருவாட்டு வாசம் வந்த பிறகுதான் ஏரி கண்ணுக்குத் தெரிகிறது. நிழல் இல்லை என்பது பெரிய குறை. ஆனால் நிழல் இல்லாததால்தான் வானம் முழுவதும் கிடைக்கிறது. இந்த 18 கிலோமீட்டருக்கு இணையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு துண்டுகூட இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஏரியைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்பது சரி. பூநாரைகளைக் காட்டித்தான் ஊரை விளம்பரம் செய்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பூநாரைகள் கூட்டமாக மேயும் ஆழமற்ற சேற்றுப் பரப்புகளைப் பார்க்கச் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலைதான் வசதி. பழவேற்காட்டுக் கரையில் நின்றால் தூரத்தில் ஒரு வெளிர் கோடு தெரியலாம், தெரியாமலும் போகலாம். பறவைக்காகவே வருகிறவர் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்குப் போவது நல்லது. படகு ஆசையையும் விட்டுவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கரையிலேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மூடிய மேடு, அவ்வளவுதான். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு வரக் கூடாது. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிலைகள். உள்ளே தரையோடு கிடக்கும் கற்களில் பூவேலையும் குலச் சின்னமும் எழுத்தும், நேற்றுச் செதுக்கியதுபோல் கூர்மையாக இருக்கின்றன. இந்தக் கரையில் துணி வாங்க வந்து கரையிலேயே புதைந்தவர்கள் அவர்கள்.

பாலத்தில் ஏறி ஏரியைக் கடந்தால் கலங்கரை விளக்கத்துப் பக்கம் போகலாம். பாலத்தின் நடுவில் நிற்பதுதான் என் கணக்கில் இந்தச் சவாரியின் உச்சம். ஏரி ஆழமற்றது, மனிதர்கள் அதில் நடக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். பிடித்ததைப் பறிக்குள் போட்டுவிட்டுத் தலை நிமிராமல் அடுத்த அடி நகர்கிறார்கள். மீனவ ஊர்களுக்குள் யார் எங்கே எப்போது வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை இன்றும் இங்கே இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்த ஊர்கள் எதிர்ப்பது ஏன் என்று புரிய அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். முகத்துவாரம் மண்மூடினாலோ கரை அரித்தாலோ முதலில் காலியாவது இந்தப் பறிதான்.

கடைசியாக, திரும்பும் வழி. மே மாதத்தில் இந்தச் சவாரியை எவருக்கும் சொல்ல மாட்டேன். பத்து மணிக்கே தார் கொதிக்கும், ஒதுங்க இடமில்லை. மார்கழி முதல் மாசி வரை கணக்கு வேறு. அப்போது காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. போகும்போது வாடை முகத்தில் அடிக்கும். விடியலில் அது மெதுவாக இருக்கும், காலும் புதிதாக இருக்கும். திரும்பும்போது, களைத்திருக்கும் நேரத்தில், அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆற்றில் நீர் ஓடுவதும் ஏரியில் வலசைப் பறவைகள் இருப்பதும் இதே மாதங்களில்தான்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து என் தீர்ப்பு: மார்கழி முதல் மாசி வரை, நெடுஞ்சாலைப் பழக்கம் உள்ள சைக்கிள்காரருக்குச் சென்னையிலிருந்து ஒரு நாளில் போய் வரக்கூடிய சவாரிகளில் பழவேற்காடே முதன்மையானது. மற்ற மாதங்களில் முட்டுக்காடு போதும். நெடுஞ்சாலை பழகாதவர்களும் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களும் பொன்னேரி வரை வண்டியில் சைக்கிளை ஏற்றி வந்து, அங்கிருந்து மிதிக்கலாம். தண்ணீரின் கதை அவர்களுக்கு அறுந்துதான் கிடைக்கும். ஆனால் அந்த 18 கிலோமீட்டரும் பாலமும் குறையில்லாமல் கிடைக்கும்.