தொற்றுக்கால நிவாரணமும் பெயர்ப்பட்டியலும் - ஒரு விமரிசன நோக்கு

ஓர் அரசு தன் குடிமக்களுள் எவரை வறியவரெனக் கருதுகிறது என்பதை, அதன் கொள்கை விளக்கங்களிலும் பார்க்க அது கையாளும் நிவாரணப் பட்டியல்களே தெளிவாகக் காட்டுவன. கொள்ளைநோய்க் காலத்தில் புதிய பட்டியல் தயாரிக்க அவகாசம் இருப்பதில்லை. ஏலவே இருப்பதே எடுத்தாளப்படும். 2020ஆம் ஆண்டு ஏப்பிரில், மே மாதங்களில் இலங்கை அரசு வழங்கிய 5,000 ரூபா கொடுப்பனவு பற்றிய பேச்சுக்கள் பெரும்பாலும் இரு முனைகளிலேயே நின்றுவிட்டன. அரசைச் சார்ந்தோர் அதனைத் தயாள குணம் என்றனர்; எதிர்த்தோர் தேர்தல் இலஞ்சம் என்றனர். அப்பணம் எவ்வழியாக எவரைச் சென்றடைந்தது என்ற வினா இவ்விரு சாராராலும் போதியளவு எழுப்பப்படவில்லை.

இவ்வினாவை எழுப்புமிடத்து, இந்நாட்டின் பழைய அனுபவமொன்று மனங்கொள்ளத்தக்கது. 1934இல் மழை பொய்த்து, மகா ஓயா முதலிய ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகி மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். 80,000 பேரளவில் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. பயிரழிவினால் ஏற்கெனவே உணவின்றி வாடியிருந்த மக்களே நோய்க்கும் இரையாயினர். அன்றைய அரசு நிவாரணத்துக்கெனத் தனி ஆணையாளரை நியமித்தது. ஆயின், உடல் வலுவுள்ளோர் தெருவேலை முதலியன செய்து கூலி பெறவேண்டும் என்பதே அந்நிவாரணத்தின் அடிப்படை எண்ணமாக இருந்தது. காய்ச்சலிற் கிடப்பவன் மண்வெட்டி பிடிப்பது எங்ஙனம்? வறட்சிக்கென வகுத்த முறை நோய்க்குப் பொருந்தவில்லை. இலவச உணவு வழங்கவேண்டிய நிலை பின்னர் ஏற்பட்டது. அரசு எட்டாத இடங்களுக்குச் சூரிய மல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். பருப்பு விநியோகித்த என். எம். பெரேரா ‘பருப்பு மாத்தையா’ எனப் பெயர் பெற்றதும், 1936இல் றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானதும் வரலாறு. நிவாரணம் வாக்காக மாறுவது 2020இல் முளைத்த புதுமையன்று.

2020இன் கொடுப்பனவு இப்பழைய குறையினின்றும் விடுபட்டிருந்தது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். உதவி பெறுவோர் வேலை செய்து தம் தகுதியை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களுள் பணம் கைக்குக் கைமாறியது. சமுர்த்தி பெறுவோர் மட்டுமன்றி, அதற்கெனக் காத்திருந்தோர், முதியோர், அங்கவீனர், சிறுநீரக நோயாளர் எனப் பலரும் உள்ளடக்கப்பட்டனர். இத்துணை விரிவான நேரடிப் பணவுதவி இந்நாட்டில் முன்னர் நிகழ்ந்ததில்லை எனலாம்.

குறைபாடு அதன் கட்டமைப்பிலேயே உள்ளது. சமுர்த்தி, அன்று எத்துணைக் குறைகள் உடையதாயினும், குடும்ப அங்கத்தவர் தொகைக்கேற்பக் கொடுப்பனவை வேறுபடுத்தியது. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள குடும்பம் மாதம் 3,500 ரூபாவரை பெற்றது. நெருக்கடிக்கால உதவியோ இருவர் வாழும் வீட்டுக்கும் எழுவர் வாழும் வீட்டுக்கும் ஒரே 5,000 ரூபாவையே அளித்தது. சாதாரண காலத்தில் அரசு அறிந்திருந்த கணக்கை அசாதாரண காலத்தில் அது மறந்தது விந்தையே. மேலும், பட்டியல் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பதிவைச் சார்ந்து நின்றது. கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் தொழில் புரியும் பெண்களிற் பலரின் பதிவு பிறந்த ஊரில் இருந்தது. உடல் விடுதி அறையில் அடைபட்டுக் கிடந்தது. ஊரிலுள்ள பட்டியலில் அவள் வீட்டுக்கு உழைத்துத் தருபவள்; விடுதியுள்ள பிரிவின் பட்டியலில் அவள் இல்லவேயில்லை. திடீரென வருமானமிழந்த நாட்கூலியாளரின் நிலையும் இத்தகையதே. நேற்றுவரை வறியவரல்லாதவர் இன்று வறியவராவதைப் பழைய பட்டியல் அறியாது.

இவற்றைச் சுட்டிக் கேள்வி கேட்கவேண்டிய இடம் பாராளுமன்றம். அதுவோ 2020 மார்ச் 2ஆம் தேதி கலைக்கப்பட்டிருந்தது. தேர்தல் ஓகஸ்ட் 5ஆம் தேதியே நடந்தது. குடியேற்ற ஆட்சியின் கீழ் இயங்கிய 1935ஆம் ஆண்டின் அரசாங்க சபைக்குக்கூட நிவாரணம் பற்றி விவாதிக்கும் வாய்ப்பிருந்தது. சுதந்திர நாட்டின் மிகப் பெரிய நிவாரணமோ சட்டசபையொன்று கூடாத மாதங்களில் பகிரப்பட்டது. ‘தேர்தல் இலஞ்சம்’ என்ற கூற்றிலும் பார்க்க இது கனமான குற்றச்சாட்டு. ஆயினும் மேடைகளில் அது அருகியே ஒலித்தது.

தொகையும் நிலைத்து நிற்கவில்லை. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மீண்டும் மூடப்பட்டபோது வருமானமிழந்த குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்டது 2,000 ரூபாவாகும். அதே ஆண்டு மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆறு வார முடக்கத்துக்கு, நாட்டின் மிகக் குறைந்த கூலி பெறுவோருட் சேர்ந்த ஒருவரின் இரண்டு நாட் கூலி ஈடு என அரசு மதிப்பிட்டது போலும்!

பயனாளிகளைப் பகிரங்கமாகத் தெரிவுசெய்து, விடுபட்டோர் முறையிடவும் வழிவகுக்கும் நலன்புரி நன்மைகள் சட்டம் 2002இலேயே நிறைவேற்றப்பட்டது. தொற்று வந்தபோது அச்சட்டத்துக்கு வயது பதினெட்டு. ஆயினும் கொடுப்பனவு வழங்கும் அளவுக்கு அது செயல்வடிவம் பெற்றது 2023இல் அஸ்வெசும திட்டத்துடனேயே. முதற் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் முறையீடுகள் குவிந்தன. அதனைத் திட்டத்தின் தோல்வியெனப் பலர் கூறினர். ஆனால் 2020இல் விடுபட்டோருக்கு இத்தகைய சட்டபூர்வமான முறையீட்டுரிமை இருக்கவில்லை என்பதையும் உடன்வைத்தே இத்தொகை நோக்கப்படவேண்டும். எனினும், 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்களைத் தரம் பிரிக்கும் அஸ்வெசுமவும் ஒரு குறித்த காலத்து நிலையைப் பதியும் கணக்கெடுப்பே. ஒவ்வொரு பிரிவுக்கும் அது நிர்ணயித்த தொகையும், 5,000 ரூபாவைப் போலவே, வீட்டில் எத்தனை பேர் உண்கின்றனர் என்று கேட்பதில்லை.