சாக்கடை வரை இறங்காத சட்டம்

காவியங்களைத் திறனாய்வு செய்வோர் நம் நாட்டில் ஏராளம். தலைவனின் வீரம், தலைவியின் எழில், புலவரின் உவமை நயம் என்று ஏடு ஏடாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் சர்க்கார் அச்சிட்டு வெளியிடும் சட்டப் புத்தகத்தை அப்படிக் கையில் எடுத்து, வரி வரியாகப் படித்து, எழுதியவர் என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார், எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது என்று பார்ப்போர் சிலரே. சட்டமும் ஓர் ஏடுதானே! கம்பனை வைத்துக்கொண்டு கண்டதைப் பேசும் புலவர்கள் ஒரு மாறுதலுக்காகவேனும் அரசிதழைப் படித்துப் பார்க்கலாம்.

நாம் இன்று மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது 1993ஆம் ஆண்டின் 46ஆம் சட்டம். மனிதன் மலத்தை மனிதன் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்கவும், எடுப்புக் கக்கூசுகள் கட்டுவதைத் தடுக்கவும் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். இதைப் பற்றிப் பேசும் மேடைகளில் எல்லாம் ஒரே பல்லவி கேட்கிறது. "சட்டம் நல்ல சட்டந்தான், நிறைவேற்றுவோர்தாம் சரியில்லை" என்கிறார்கள். நல்ல படகுதான், அடியில் மட்டும் ஓட்டை என்று சொல்வதைப் போல! நிறைவேறாமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நோய் அன்று. அது அந்த ஏட்டின் எழுத்துக்குள்ளேயே குடியிருந்தது என்பதே நம் வழக்கு.

முன்னுரை கம்பீரமானது. தனிமனித மாண்பு, சகோதரத்துவம், அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மனிதத் தன்மையைப் பறிக்கும் வழக்கம் என்று வரிக்கு வரி பெருமூச்சு. நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் தேடிப் பாருங்கள், தோழர்களே! இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக இன்னாருக்கு என்று எழுதி வைத்தது எது? அதன் பெயர் அந்த முன்னுரையில் இல்லை. கக்கூசின் வகை இருக்கிறது, சாதி இல்லை. ஏதோ கட்டடக் கலையில் நேர்ந்த பிழை போலவும், கொத்தனார் கவனித்திருந்தால் இந்தக் கொடுமை நேர்ந்தே இராது என்பது போலவும் ஏடு பேசுகிறது.

இனி அது நடந்த நடையைப் பார்ப்போம். துப்புரவும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. டில்லி தானாகச் சட்டம் இயற்ற இயலாது. ஆகவே 252ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். ஆந்திரம், கோவா, கர்நாடகம், மகாராட்டிரம், திரிபுரா, மேற்கு வங்கம் என ஆறு மாநிலங்கள் கேட்டன. மற்றவை விரும்பினால் பின்னர் ஏற்றுக்கொள்ளலாம் என்று வாசல் திறந்து வைக்கப்பட்டது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. மாநில உரிமைக்காக மற்ற எவரைக் காட்டிலும் உரத்த குரல் எழுப்பும் நமக்கு இது பெருமை தரும் செய்தி அன்று. அதிகாரம் எமது என்று நீட்டிய கை, கடமை வந்தபோது மடங்கியே கிடந்தது.

1993 ஜூன் 5ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். சட்டம் உயிர் பெற்ற நாள் எது தெரியுமா? 1997 சனவரி 26. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அது பேழைக்குள் உறங்கிற்று. கூடை சுமந்த தலைகள் உறங்கவில்லை. விடியுமுன் எழுந்து, புழக்கடைப் பக்கம் போய், வழக்கம்போல் அள்ளிக்கொண்டுதான் இருந்தன.

சரி, விழித்த சட்டம் என்ன செய்தது? மூன்றாம் பிரிவைப் படியுங்கள். ஏட்டின் இதயம் அதுதான். தடை நாடெங்கும் உடனே பாயவில்லை. எந்த வட்டாரத்தில், எந்த நாள் முதல் என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிப்பதற்கும் முன்நிபந்தனைகள் உண்டு. தொண்ணூறு நாள் முன்னறிவிப்புத் தந்திருக்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ தேவை என்று அரசு கருத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வட்டாரத்தில் நீரடைப்புக் கக்கூசுகளுக்குப் போதிய வசதி ஏற்கெனவே இருக்க வேண்டும்! வசதி செய்து தர வேண்டியவர் யார்? நகராட்சியும் மாநில அரசும். அவர்கள் செய்யாமல் சோம்பிக் கிடந்தால்? வசதி இல்லை, ஆகவே அறிவிப்பு இல்லை, ஆகவே தடை இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. கடமை தவறியவனுக்கு அந்தத் தவறையே கேடயமாக வார்த்துத் தந்த புலமையை என்னென்பது! இவ்வளவும் போதாதென்று நான்காம் பிரிவு வருகிறது. எந்த வட்டாரத்துக்கும், எந்த வகைக் கட்டடத்துக்கும், எந்தப் பிரிவு மக்களுக்கும் மாநில அரசு விலக்குத் தரலாமாம்.

தடை வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்குப் போடுவது யார்? பதினேழாம் பிரிவு கூறுகிறது, நிர்வாக அதிகாரியாக அமர்த்தப்பட்டவரின் முன் அனுமதி வேண்டும் என்று. அவர் அதிகாரம் அளித்தவர் புகார் கொடுத்தாலன்றி எந்த நீதிமன்றமும் ஏற்கலாகாது என்று. அந்த அதிகாரி மாவட்டக் கலெக்டர் அல்லது அவருக்கு அடுத்த உட்கோட்ட அதிகாரி. மலம் அள்ள ஆள் வைத்திருப்பது பல ஊர்களில் நகராட்சியே. கலெக்டரும் நகராட்சி கமிஷனரும் ஒரே அரசின் ஊழியர்கள். ஆய்வுக் கூட்டத்தில் அருகருகே அமர்ந்து தேநீர் அருந்துவோர். ஒருவர் மற்றவரைக் கூண்டில் ஏற்றுவார் என்று எதிர்பார்த்தது அந்த ஏடு. கூடை சுமந்தவளுக்கோ அவள் பிள்ளைக்கோ நேரே நீதிமன்றப் படி ஏற இச்சட்டத்தில் வழியே இல்லை. இன்னும் ஒன்று. ஆள் அமர்த்துவது மட்டுமன்றி, அந்த வேலையில் ஈடுபடுவதும் மூன்றாம் பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதாவது, சுமந்தவளும் குற்றவாளி!

இதுதான் "நல்ல சட்டம்".

மேல்மட்டத்திலும் ஒற்றுமை இருந்ததா என்றால், இல்லை. கக்கூசை மாற்றுவது நகர்ப்புற வளர்ச்சித் துறையின் வேலை. தொழிலிலிருந்து விடுபட்டவருக்கு மறுவாழ்வு தருவது நலத்துறையின் வேலை; அதற்கென 1992இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கிற்று. ஒரு துறை இடித்த கக்கூசில் வேலை பார்த்தவர் யார் என்பது மறு துறைக்குத் தெரியாது. பத்தாண்டும் 600 கோடி ரூபாய்க்கு மேலும் செலவான பின், திட்டம் நோக்கத்தை எட்டவில்லை என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் 2003ஆம் ஆண்டு அறிக்கை எழுதிற்று.

அதே 2003இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற அமைப்பு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. மலம் அள்ளும் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் அதன் முன்னணியில் நின்றவர். மாநிலங்கள் என்ன விடை தந்தன? "எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை" என்று பிரமாணப் பத்திரம் போட்டன. இயக்கத்தார் ஊர் ஊராகப் போய் எடுத்த ஒளிப்படங்களும் பெயர்ப் பட்டியலும் அந்தப் பத்திரங்களைப் பொய்யாக்கின. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மனிதர் கையால் மலம் அகற்றப்படும் கக்கூசுகள் 7,94,390 என்று எழுதிற்று. ஏறத்தாழ எட்டு இலட்சம் கக்கூசுகளில் மலத்தை மனிதர் அகற்றுகிறார், ஆனால் அகற்றும் மனிதர் மட்டும் எங்கும் இல்லை! ஆவி வந்து அள்ளிற்று என்று பூசாரி சொன்னால் சிரிப்போம். கலெக்டர் அலுவலக முத்திரையோடு வந்தால் கோப்பில் சேர்த்துக் கட்டி வைக்கிறோம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே 2013இல் புதுச் சட்டம் வந்தது. நேர்மையாகச் சொல்கிறோம், இது முந்தையதைவிட மேலான ஏடு. முன்னுரையிலேயே அநீதி மிக்க சாதி அமைப்பு என்ற சொல் இடம்பெற்றுவிட்டது. இருபது ஆண்டு தாமதமானாலும் வந்தது. மாநிலத்தின் அறிவிப்புக்குக் காத்திராமல் காசுமீர் நீங்கலாக நாடெங்கும் ஒரே நாளில், 2013 டிசம்பர் 6 அன்று, நடைமுறைக்கு வந்தது. மலம் அள்ளுவோர் குற்றவாளி அல்லர், மறுவாழ்வு பெற உரிமையுடையோர் என்றது. பாதாளச் சாக்கடையும் மலக்குழியும் முதன்முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டன. 2014 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து இலட்சம் ரூபாய் தருக என்று தீர்ப்பளித்தது.

ஆனால் இந்த ஏட்டிலும் அகராதி விளையாடுகிறது. மத்திய அரசு குறிப்பிடும் கருவியும் காப்புடையும் கொண்டு மலம் அகற்றினால், அவர் "மலம் அள்ளுபவர்" ஆகமாட்டார் என்கிறது வரையறை. காப்புடை தந்து சாக்கடைக்குள் இறக்கினால் அது தடை செய்யப்பட்ட "ஆபத்தான துப்புரவு" ஆகாது. வேலை அதே வேலை, குழி அதே குழி, இறங்குபவர் அதே தெருவில் பிறந்தவர். கையுறை மாட்டியதும் சட்டத்தின் பார்வையில் வேறு மனிதராகிறார். அந்தக் கையுறையாவது கிடைக்கிறதா என்பது வேறு கதை.

இந்த அகராதியின் கனியை 2021இல் நாடாளுமன்றத்தில் கண்டோம். மலம் அள்ளும் தொழிலால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது அரசு. சாக்கடையும் மலக்குழியும் துப்புரவு செய்கையில் இறந்தோர் மட்டும் 941 பேராம்! இரண்டும் ஒரே விடையில் அடுத்தடுத்து வந்த செய்திகள். அவையில் எழுந்த கூச்சலைவிட எழாத கூச்சலே நமக்குப் பெரிதாகக் கேட்டது. அதே ஆண்டு தந்த மற்றொரு கணக்கில், சாதி விவரம் தெரிந்த 43,797 மலம் அள்ளுவோரில் 42,594 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தொழிலுக்கும் பிறப்புக்கும் முடிச்சு இல்லை என்று பேசுவோர் இந்த இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்க்கட்டும்.

நம் வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த 941 பேரில் 213 பேர் தமிழ்நாட்டினர். எல்லா மாநிலங்களிலும் மிகுதியான எண்ணிக்கை. இங்கே சாவுகள் பதிவாகின்றன, பிற இடங்களில் மறைக்கப்படுகின்றன என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆயினும் சமத்துவம் பேசி வளர்ந்த நாட்டில், பதிவேடு ஒழுங்காக இருக்கிறது என்பதைச் சொல்லி ஆறுதல் கொள்ளும் நிலை வந்ததே என்று வெட்கப்படாமல் இருக்க நம்மால் இயலவில்லை. இங்கே பழைய நகராட்சி ஊழியர் இறங்கிய குழியில் இப்போது காண்டிராக்டரின் கூலியாள் இறங்குகிறார். டில்லி மாநிலத்தைக் காட்டுகிறது, மாநிலம் மாநகராட்சியைக் காட்டுகிறது, மாநகராட்சி காண்டிராக்டரைக் காட்டுகிறது, காண்டிராக்டர் "அவனாகத்தான் இறங்கினான்" என்று பிணத்தைக் காட்டுகிறார். அதிகாரம் ஒவ்வொரு படியிலும் சிறிது தங்கிவிடுகிறது. பொறுப்பு மட்டும் ஒரு துளியும் சிந்தாமல் அடிவரை வந்து சேர்கிறது.

எண்ணிக்கைக்கே மீண்டும் வருவோம், ஏனெனில் 2013ஆம் ஆண்டு ஏட்டின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. மலம் அள்ளுவோரைக் கண்டறியும் பொறுப்பு உள்ளாட்சிகளிடமும் கலெக்டரிடமும் விடப்பட்டிருக்கிறது. "என் எல்லைக்குள் இருவர் உள்ளனர்" என்று எழுதினால், இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்வி எழுதியவர் மீதே பாயும். "எவருமில்லை" என்று எழுதினால் பாராட்டு. எந்த அதிகாரி எதை எழுதுவார்? 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பு, கிராமப்புறத்தில் மட்டுமே மலம் அள்ளும் தொழிலை நம்பிய குடும்பங்கள் 1,80,657 என்றது. 2013, 2018 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில், ஊரும் நகரும் சேர்த்து, அரசு ஒப்புக்கொண்ட ஆட்கள் 58,098 பேர்தாம். 2023 சூலையில் 766 மாவட்டங்களில் 530 மாவட்டங்கள், எங்களிடம் மலம் அள்ளுவோர் இல்லை என்று தாமே சான்றிதழ் எழுதித் தந்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் உச்சநீதிமன்றம், சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டைப் பத்து இலட்சத்திலிருந்து முப்பது இலட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. ஒழிந்துவிட்ட கொடுமைக்கு விலை ஏன் ஏறிற்று?

குற்றம் சாட்டப்பட வேண்டியவரிடமே கணக்கெடுக்கும் பேனாவைக் கொடுத்த சட்டத்தை, இன்னும் நல்ல அதிகாரிகள் வந்தால் நிறைவேறிவிடும் என்று நம்பிக் காத்திருக்க நாம் ஆயத்தமாக இல்லை. ஆனால் அதே ஏட்டின் 24ஆம் பிரிவில், அதிகம் பேர் புரட்டாத ஒரு பக்கம் இருக்கிறது. மாவட்டந்தோறும், உட்கோட்டந்தோறும் விழிப்புக் குழு அமைய வேண்டும். அதில் துப்புரவுத் தொழிலாளர் சார்பிலும், இக்கொடுமையை எதிர்க்கும் அமைப்புகளின் சார்பிலும் சமூக ஊழியர்கள் இடம்பெற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். உங்கள் மாவட்டக் குழுவில் இருப்போர் யார், கடைசியாக எப்போது கூடினர், அன்று என்ன பேசினர் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்பதற்குப் பத்து ரூபாயும் ஒரு தாளும் போதும். விடை வரட்டும், தோழர்களே, வராமலும் போகலாம். எதுவாயினும் எமக்கு எழுதுங்கள். மாவட்டத்தின் பெயரோடு இந்தப் பக்கத்தில் அச்சிடுகிறோம்.